ஐந்து யூரோ வைன்: எங்கிருந்து தொடங்குவது?

நெக்கர்_புதுசு:
மக்களே, ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊரில் இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு பீர், அவ்வளவுதான் என் கணக்கு. இங்கே டீமில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வைன் திறக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு "பீச் பழம், ஈரக்கல்" என்கிறார், நானும் தலையாட்டி வைக்கிறேன். எனக்குத் தெரிவதெல்லாம் புளிப்பு. ஈரக்கல்லை யாரய்யா மோந்து பார்த்தது?

சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க பாட்டில், 2 யூரோவிலிருந்து 15 வரை. முதலில் 1.99க்கு ஒரு சிவப்பு வாங்கினேன், சர்பத். அப்புறம் ஷ்பேட்லேஸே என்று எழுதிய ரீஸ்லிங் என்கிற வெள்ளை வைன், பெயர் கம்பீரமாக இருந்ததால் எடுத்தேன், நன்றாகவே இனித்தது. பிடித்துப்போய் அடுத்த வாரம் அதே ஷ்பேட்லேஸே என்று போட்ட வேறொரு பாட்டில் வாங்கினால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது. கடைசியாக ஃபெடர்வைஸர் என்று மோர் மாதிரி கலங்கலாக ஒன்று. அதை முதுகுப் பையில் லேப்டாப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். இறங்கும்போது எதிரில் இருந்த பாட்டி என் காலைப் பார்த்தார், நானும் பார்த்தேன், பேன்ட் முழுக்க ஈரம். லேப்டாப் பிழைத்துவிட்டது, பையிலிருந்து இன்னும் இட்லி மாவு வாசம் போகவில்லை.

5, 6 யூரோவுக்குள் எதை வாங்குவது, லேபிளில் எதைப் பார்ப்பது, நம் காரத்தோடு எது ஒத்துப்போகும்? வைன் வகுப்புக்கெல்லாம் பணம் கட்டுகிற நிலையில் இல்லை.

பழையசோறு:
தம்பி, ஃபெடர்வைஸரைப் படுக்க வைக்காத ஆள் இந்த நாட்டில் கிடையாது, வருத்தப்படாதே. அது பாதி நொதித்த திராட்சைச் சாறு, பாட்டிலுக்குள் இன்னமும் நொதித்துக்கொண்டே இருக்கும். இறுக மூடினால் வெடித்துவிடும் என்பதால்தான் மூடியைக் காற்று போகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் வரும், நிற்க வைத்தே கொண்டுவர வேண்டும். இட்லி மாவு வாசம் என்றாய் பார், சரியாகத்தான் பிடித்திருக்கிறாய், ஈஸ்டின் வேலை அது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது உனக்கு.

உன் ஷ்பேட்லேஸே குழப்பத்துக்கு வருகிறேன். கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே இதெல்லாம் பறிக்கும்போது பழத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறியிருந்தது என்பதற்கான பெயர்கள். அந்தச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டதா, மிச்சம் வைத்ததா என்பது வேறு விஷயம். அதற்கு ட்ரொக்கன் என்ற சொல் இருக்கிறதா என்று தேடு. இருந்தால் இனிப்புத் தெரியாது, லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை, அதுவும் புளிப்பு அதற்கு ஈடாக இருந்தால்தான். ஹால்ப்ட்ரொக்கன் லேசான இனிப்பு, லீப்லிஷ் என்றால் 45 கிராம் வரை போகும். ஃபைன்ஹெர்ப் என்று ஒன்று பார்ப்பாய், சட்டத்தில் அதற்கு அளவு கிடையாது, ஹால்ப்ட்ரொக்கனுக்குக் கொஞ்சம் அழகான பெயர் என்று வைத்துக்கொள்.

லேபிளில் ஒன்றுமே எழுதவில்லையா? ஆல்கஹால் அளவைப் பார். ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதம் என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 12க்கு மேல் போனால் அநேகமாக ட்ரொக்கன்தான். வீட்டில் அந்த இரண்டு காலி பாட்டிலும் இருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

நெக்கர்_புதுசு:
இப்போதுதான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். இனித்தது 8.5, புளித்தது 12.5. அடப்பாவி!

கோடைமேகம்:
எல்லாம் சரி, ஆனால் 5 யூரோ வைனில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பத்துக்குக் கீழே எல்லாம் குப்பை என்பது என் அனுபவம். நல்ல பிரெஞ்சு பாட்டில் ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை குடிக்கலாம்.

பழையசோறு:
கோடைமேகம், லண்டனில் இருந்து இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன், அங்கே மலிவான பாட்டிலின் விலையில் பாதிக்கு மேல் வரியே தின்றுவிடும். ஜெர்மனியில் சாதாரண வைனுக்கு மதுவரியே கிடையாது, 19 சதவீத விற்பனை வரி மட்டும்தான். அதனால் இங்கே கொடுக்கிற 6 யூரோவில் வைனுக்குப் போய்ச் சேர்வது அதிகம். நுரை வருகிற ஸெக்டுக்கு மட்டும் பாட்டிலுக்கு 1.02 யூரோ தனி வரி உண்டு. 1902இல் ஜெர்மன் பேரரசர் கைசர் கப்பல் படை கட்டுவதற்காகப் போட்ட வரி அது. கப்பல்கள் எல்லாம் கடலுக்கடியில் போய் நூறு வருஷம் ஆயிற்று, வரி மட்டும் மிதக்கிறது. 2 யூரோ பாட்டில் குப்பை என்றால் நானும் சண்டைக்கு வரமாட்டேன்.

வடமராட்சியான்:
தம்பி, நான் 86இல் இங்கு வந்தவன். வந்த புதிதில் ரெம்ஸ்டால் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்று வருடம் திராட்சை வெட்டப் போனேன். சரிவான நிலம், ஒரு கையில் கத்தரி, மற்றக் கையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டும், அந்த இனிப்புக்குக் குளவிகள் வேறு சுற்றிச் சுற்றி வரும். அழுகின பழத்தைக் குலையோடு போட்டால் கிழவர் பின்னால் வந்து வாளியைக் கிளறிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து எறிவார். வைன் என்றால் என்ன என்று எனக்கு அந்த வாளியில்தான் விளங்கியது.

நீ இருக்கிற இடமே வைன் ஊர். சுவர் நிறையப் பாட்டில் பார்த்துக் குழம்பாமல் ட்ரோலிங்கர் என்ற திராட்சையில் இருந்து தொடங்கு. ஜெர்மனியில் அது ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள இந்த வூர்ட்டம்பெர்க்கை விட்டு வெளியே விளைவது மிகக் குறைவு. நிறம் வெளிறின சிவப்பு, துவர்ப்புக் குறைவு, கொஞ்சம் குளிராக்கிக் குடிக்கலாம். பெரிய ஆட்கள் இதைத் தண்ணி என்று நக்கல் அடிப்பார்கள், அடிக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்களின் ஒரு லிட்டர் போத்தல் பார், அதுதான் இங்குள்ள சனம் பின்னேரம் குடிக்கிறது. அது கைவந்த பிறகு லெம்பெர்கருக்குப் போ, அது கறுப்பும் காரமும் உள்ள ஆள். லேபிளில் கூட்ஸ்ஆப்ஃபுல்லுங் என்று இருந்தால் அந்தத் தோட்டக்காரரே சொந்தப் பழத்தில் செய்து போத்தலில் அடைத்தது.

பேசன் என்று கேள்விப்பட்டாயா, தோட்டக்காரரே நடத்துகிற வைன் கடை? வாசலில் விளக்குமாறு கட்டித் தொங்கினால் அன்றைக்குக் கடை திறந்திருக்கு என்று அர்த்தம். வருடத்தில் நாலு மாதம்தான் திறக்கலாம், 40 கதிரைக்கு மேல் போடக் கூடாது, சொந்த வைன்தான் ஊற்றுவார்கள். ஒரு ஃபியர்டலே கேள், கால் லிட்டர், கைப்பிடி வைத்த கிளாஸில் வரும். மேசையில் இடம் இல்லை என்றால் யாருக்கும் பக்கத்தில் குந்தலாம். ஸ்வாபியன் கிழவர்களோடு கதைக்கிறதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்றும் விளங்காது, அது வேறு கதை.

கீரைக்கட்டு:
நான் சொல்ல வந்தது சுவை பற்றி. பீச், ஈரக்கல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் மூன்றே மூன்றைத் தேடுங்கள்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. துவர்ப்பை ஒரு தனிச் சுவையாக எண்ணி ஆறில் ஒன்றாக வைத்திருக்கிறோம் நாம், நாவற்பழம் தின்று நாக்கு ஊதாவாகித் தடித்துப்போன யாருக்கும் டானின் என்றால் என்னவென்று பாடம் எடுக்கத் தேவையில்லை. சிவப்பில் அது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. சந்தேகம் இருந்தால் பால் இல்லாத டீயைப் பத்து நிமிஷம் ஊறவிட்டு ஒரு வாய் குடியுங்கள். ஈறு இழுத்துப் பிடிக்கும், அதுதான்.

ஒரு பாட்டிலை மட்டும் குடித்தால் எதுவும் தெரியாது. ஒரே திராட்சையில் ட்ரொக்கன் ஒன்று, ஃபைன்ஹெர்ப் ஒன்று திறந்து இரண்டு டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஈரக்கல்லுக்கும் பயப்படாதீர்கள், சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டினால் ஒரு வாசம் எழும்புமே, அந்த மனிதர் சொல்வது அதைத்தான்.

காரத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும், 14 சதவீதச் சிவப்போடு காரக்குழம்பு சாப்பிட்டு நான் அழுதிருக்கிறேன். கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள 9, 10 சதவீத ரீஸ்லிங்தான் தோது. அப்புறம் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது, வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, ஜெலட்டின், மீனிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் போடுவதுண்டு. வீகன் என்று அச்சடித்ததையே நான் எடுக்கிறேன், 5 யூரோ வரிசையிலேயே கிடைக்கிறது.

நெக்கர்_புதுசு:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். ரீஸ்லிங் இரண்டு வாங்கினேன், ட்ரொக்கன் 4.49, ஃபைன்ஹெர்ப் 5.29. வைன் கிளாஸ் இல்லை, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன், அறை நண்பன் தலையில் அடித்துக்கொண்டு ஜாம் பாட்டில் இரண்டைக் கழுவிக் கொடுத்தான். வெறும் வாயில் ட்ரொக்கன்தான் எனக்குப் பிடித்தது, ஏழு மாதத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். மிளகுக் கோழி வந்ததும் தலைகீழ். ட்ரொக்கன் வெறும் புளித்தண்ணியாகிவிட்டது, ஃபைன்ஹெர்ப் மட்டும் கடைசிவரை நின்றது. பீச் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் பச்சை ஆப்பிள் தெரிந்தது, சத்தியமாக.

வடமராட்சி அண்ணா, பேசனுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது.

வடமராட்சியான்:
வாற சனி ஃபெல்பாக்கில் ஒன்று திறந்திருக்கு. ஆறு மணிக்கு முதல் வந்துவிடு, பிறகு இடம் கிடைக்காது. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வா.