டிவிடி பாதியில் நிற்கிறது, கனடா டிவிடி கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது: பிளேயரைத் திருத்தலாமா, எறிய வேண்டியதுதானா?

விசுவமடுக்காரி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில் கிளிநொச்சியில் வாங்கிய டிவிடி பிளேயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் தரவில்லை. இந்தக் கோடையில்தான் குழப்படி தொடங்கியது.

படம் போட்டால் இடைவேளை மட்டும் நன்றாக ஓடும். பிறகு ஆட்களின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ரிமோட்டால் தள்ளி விட்டால் சிலவேளை தாண்டிப் போகும். பக்திப் பாட்டு டிவிடி ஒன்று இருக்கிறது, அது பாதியில் நிற்பதில்லை, கடைசி இரண்டு மூன்று பாட்டில்தான் நிற்கிறது. பழைய பாட்டு சிடிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

இதைவிட வேறொரு பிரச்சினை. கனடாவில் நடந்த அக்காவின் கலியாண டிவிடியை இப்போதுதான் ஒருவர் கொண்டுவந்து தந்தார். அதைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது, மேலே மேலே உருண்டுகொண்டும் போகிறது. உள்ளே "கிர்ர்" என்று ஒரு சத்தம் வேறு. அம்மா கலியாணத்துக்குப் போகவில்லை, அதனால் இதைப் பார்க்காமல் விடமாட்டா.

கடையில் கேட்டால், இப்போது யார் இதைத் திருத்துகிறார்கள், புதிது வாங்குங்கள் என்கிறார்கள். இவரும் அதையேதான் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பரந்தன் சந்தி எழுதியது:

லென்ஸில் தூசி, அவ்வளவுதான். கிறவல் ரோட்டுப் பக்கம் வீடு என்றால் சோளகக் காற்று தொடங்கியவுடன் எல்லாச் சாமானுக்குள்ளும் புழுதி போகும். பின்னேரத்தில் எல்லாரும் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைக்கும்போது கரண்டும் குறையும், அதனாலும் நிற்கலாம். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள் அக்கா.

சோல்டர் மணம் எழுதியது:

ஸ்டெபிலைசருக்குக் காசு செலவழிக்க வேண்டாம் தங்கச்சி. பிளேயரின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால், கரண்ட் 160க்கு இறங்கினாலும் அதற்கு ஒன்றும் இல்லை. அப்படியான பவர் சப்ளைதான் பெரும்பாலான பிளேயர்களில் இருக்கிறது. வோல்ட் போதாவிட்டால் பிளேயர் மொத்தமாக அணைந்து அணைந்து வரும். இடைவேளைக்குப் பிறகு மட்டும் பார்த்து நிற்காது.

தூசியாக இருக்கலாம். ஆனால் அதற்கு முதல் சில விடயம் தெரிய வேண்டும். படம் எத்தனை மணித்தியாலம்? நிற்கும்போது ரிவியில் காட்டும் நேரம் என்ன? அணைத்து ஆறவிட்டுப் போட்டாலும் அதே நேரத்தில்தான் நிற்கிறதா? தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளியா, கொஞ்சம் பொன்னிறம் தெரிகிறதா? அயலில் யாரிடமாவது பிளேயர் இருந்தால் அதில் போட்டுப் பார்த்தீர்களா?

விசுவமடுக்காரி எழுதியது:

படம் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். ஒரு மணி இருபது நிமிடம் தாண்டியதும் தொடங்குகிறது. ஆறவிட்டாலும் அதே இடம்தான். படத்தின் அடிப்பக்கம் கொஞ்சம் பொன்னிறம், பக்திப் பாட்டு வெறும் வெள்ளி. பக்கத்து வீட்டில் இரண்டுமே கடைசி வரை ஓடியது. முதுகில் 100–240 என்றுதான் போட்டிருக்கிறது.

சோல்டர் மணம் எழுதியது:

நல்லது. அப்படியென்றால் தட்டில் பிழை இல்லை, பிளேயரில்தான். இடமும் பிடிபட்டுவிட்டது.

டிவிடியை பிளேயர் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் வாசிக்கும். பழைய கிராமபோன் தட்டுக்கு நேர் எதிர். வெள்ளி நிறத் தட்டில் தகவல் ஒரு படை, அதாவது ஒரே அடுக்கு, 4.7 ஜிபி. அதில் கடைசிப் பாட்டுகள் வெளி விளிம்பில் இருக்கும். பொன்னிறம் தெரிவது இரண்டு படைத் தட்டு, 8.5 ஜிபி. படத்துக்கான தட்டுகளில் பெரும்பாலும் முதல் படையை உள்ளிருந்து வெளியே வாசித்து, விளிம்புக்கு வந்ததும் லேசர் இரண்டாம் படைக்கு மாறி, அங்கிருந்து திரும்ப உள்ளே வரும். நீளமான படம் தட்டை நிறைத்து இருந்தால், விளிம்பு வருவது படத்தின் நடுவில்தான். ஆகவே உங்கள் படம் இடைவேளையில் நிற்பதும் பாட்டு கடைசியில் நிற்பதும் ஒரே இடம். தட்டை வாசிக்கும் லேசர்த் தலை வெளி விளிம்பு வரை போகச் சிரமப்படுகிறது.

சிடி ஏன் ஓடுகிறது என்றால், சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர். டிவிடியில் 0.74தான். சிடியில் சின்னச் சறுக்கல் தெரியாது, டிவிடியில் உடனே தெரியும். அதோடு பாட்டு சிடிகள் பல விளிம்பு வரை நிறைந்திருப்பதும் இல்லை.

லேசர்த் தலை இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகளில் ஊர்ந்து போகும். தொழிற்சாலையில் பூசிய கிறீஸ் இவ்வளவு வருடத்தில் காய்ந்து, புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும். உள் பக்கம் எல்லாத் தட்டுக்கும் ஓடுகிற பாதை, அதனால் துப்புரவாகவே இருக்கும். வெளி முனைக்குத் தலை எப்போதாவதுதான் போகும், அழுக்கெல்லாம் அங்கேதான் சேரும்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள். பவர் சப்ளைப் பலகையில் இருக்கும் பெரிய கொண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அந்தப் பக்கம் கையே வைக்கக்கூடாது. பின்னுக்கும் பக்கத்திலும் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றினால் மேல் மூடி வந்துவிடும். தலைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பற்சக்கரம் இருக்கும். அதை விரலால் மெதுவாகச் சுற்றினால் தலை வெளியே நகரும். எங்கே இறுகுகிறது என்று கைக்கே தெரியும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் இரண்டு கம்பியிலும் உள்ள பழைய கிறீஸைத் துடைத்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்குப் போடும் வெள்ளைக் கிறீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். திட்டுத் திட்டாக வைக்க வேண்டாம்.

அப்படியே லென்ஸையும் துடைத்துவிடலாம். ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு துளி, புதுப் பஞ்சு, அமத்தாமல். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும், அமத்தினால் கோணிவிடும். லென்ஸே பிளாஸ்டிக், ஆகையால் தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பக்கத்திலேயே வரக்கூடாது. மூடி திறந்தபடி கரண்ட் கொடுத்து லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். டிவிடி லேசர் 650 நனோமீற்றர், சிவப்பாகத் தெரியும். சிடி லேசர் 780, கண்ணுக்குத் தெரியாத மாதிரித்தான் இருக்கும். இரண்டையும் நேரே பார்க்கக்கூடாது.

வவுனிக்குளத்தான் எழுதியது:

கிறீஸுக்கு ஏன் அலைய வேண்டும்? வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும்தானே. நான் காற்றாடிக்கு அதுதான் விடுகிறேன்.

சோல்டர் மணம் எழுதியது:

அண்ணை, காற்றாடியின் பாடு உங்கள் பாடு. தேங்காய் எண்ணெய் ஓடிப்போய் லென்ஸில் படும், பிறகு சிக்குப் பிடித்துப் பசையாகும், எறும்பும் வரும். வெள்ளைக் கிறீஸ் கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெயைக் குச்சி நுனியில் எடுத்து ஈரம் படுகிற அளவுக்கு மட்டும் தடவலாம். அதுவும் தற்காலிகத்துக்குத்தான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

கனடா டிவிடிக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை. அது இரண்டு நாட்டு ரிவி முறைகளின் சண்டை. நாங்கள் பால் (PAL) முறை, படத்துக்கு 625 வரி, செக்கனுக்கு 50 தடவை திரையில் வரையும். கனடாவும் அமெரிக்காவும் என்ரிஎஸ்சி (NTSC) முறையில் இருந்தவை, 525 வரி, 60 தடவை. அங்கே அடித்த டிவிடியை பிளேயர் அப்படியே ரிவிக்கு அனுப்பினால், அந்த முறை விளங்காத பழைய ரிவியில் நிறம் போகும், படம் உருளும். உங்கள் ரிமோட்டில் பி/என் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் செட்டப்பில் ரிவி வகை என்ற இடத்தில் பால் என்று வையுங்கள். பிளேயரே மாற்றிக் கொடுக்கும். ஓட்டோ என்று இருந்தால் வந்ததை வந்தபடியே அனுப்பும் பிளேயர்களும் உண்டு.

இதோடு, எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று பூட்டி வைக்கும் வலயக் குறியீட்டையும் சிலர் போட்டுக் குழப்புவார்கள். அது வேறு. கடையில் விற்கும் படங்களுக்குத்தான் அந்தப் பூட்டு. கனடா 1, லண்டன் 2, அவுஸ்திரேலியா 4, நாங்களும் இந்தியாவும் 5. கலியாண வீட்டு டிவிடிக்கு அந்தப் பூட்டு போடுவதில்லை.

"கிர்ர்" சத்தத்துக்கு ஒரு கேள்வி. மாப்பிள்ளை பொம்பிளை படம் போட்ட கடதாசி லேபல் மேலே ஒட்டியிருக்கிறதா?

விசுவமடுக்காரி எழுதியது:

ஓம் ரீச்சர், ஒட்டியிருக்கிறது. ஒரு ஓரத்தில் கிளம்பியும் இருக்கிறது. உரித்துவிடவா?

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

உரிக்க வேண்டாம்! டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றரில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவல் இருப்பது அந்த ஒட்டின் நடுவில். லேபலை இழுக்கும்போது தட்டு வளைந்து ஒட்டு விடலாம். கிளம்பிய ஓரத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். லேபல் ஒரு பக்கம் பாரமாகி, சுழலும்போது தட்டு ஆடுகிறது, அதுதான் சத்தம்.

பிளேயர் திருந்துகிறதோ இல்லையோ, அந்த டிவிடியை முதலில் கொம்பியூட்டரில் பிரதி எடுங்கள். அடிப்பக்கம் ஊதா நிறமாகத் தெரிந்தால் அது வீட்டில் எரித்த தட்டு. கடைத் தட்டில் தகவல் குழிகளாக அச்சடித்திருக்கும். எரித்த தட்டில் இருப்பது சாயம். எங்கள் வெயிலில் அந்தச் சாயம் வெளுக்கும். பிளேயர் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம், உங்கள் அக்காவின் கலியாணத்தை எங்கே வாங்குவது? ரிவிக்கு மேல், யன்னல் ஓரம், ஓட்டோவின் முன் தட்டு, இந்த மூன்று இடத்திலும் டிவிடி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

தட்டுக்குள் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்று ஒரு கோப்புறை இருக்கும். அதை முழுதாக இழுத்து பென்ரைவில் போட்டால் சரி. உள்ளே படம் இருக்கும் விஓபி (VOB) கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் வெட்டித்தான் இருக்கும், அதனால் கோப்பு பெரிது என்று பென்ரைவ் மறுக்காது. எல்லாம் சேர்த்து அடங்க அதில் இடம் இருந்தால் போதும்.

விசுவமடுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி வந்து பிளேயரைக் கழற்றினான். சோல்டர் அண்ணை சொன்னது அப்படியே சரி, கம்பியின் வெளி முனையில் கறுப்பாகப் பசை. அது மட்டுமில்லை, அந்த மூலையில் பல்லி முட்டைக் கோது ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது! பின்பக்கத்துக் காற்றுத் துவாரத்தால் பல்லி போய் வந்திருக்கிறது. பற்சக்கரத்தைச் சுற்றினால் தலை அந்தக் கோதில் போய் முட்டி நின்றது. சுரண்டி எடுத்து, துடைத்து, கிறீஸ் போட்டோம். படம் இப்போது கடைசி வரை ஓடுகிறது. நடுவில் கண் மூடித் திறக்கும் நேரத்துக்கு ஒரு தரிப்பு மட்டும் வருகிறது, அது பழுதா?

கனடா டிவிடி பி/என் அமத்தியதும் நிறத்தோடு வந்துவிட்டது. தாலி கட்டு முழுக்க அம்மா பார்த்துவிட்டா. ஆனால் வரவேற்பு நடக்கும் இடத்தில் சிக்குகிறது, பக்கத்து வீட்டிலும் அதே இடம்தான். தம்பியின் கொம்பியூட்டரில் கடைசி விஓபி மட்டும் பிரதி ஆகாமல் பிழை காட்டுகிறது.

சோல்டர் மணம் எழுதியது:

பல்லி முட்டை எனக்குப் புதிதில்லை, பவர் சப்ளையில் பல்லி கருகிக் கிடந்ததையும் எடுத்திருக்கிறேன். துவாரத்துக்கு நைலோன் நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். துணி போட்டு மூட வேண்டாம், சூடு வெளியே போக வேண்டும். அந்தத் தரிப்பு பழுது இல்லை, லேசர் இரண்டாம் படைக்கு மாறுகிற நேரம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

இரண்டு பிளேயரிலும் ஒரே இடம் என்றால் இந்த முறை குற்றம் தட்டில்தான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். குறுக்கே விழும் கீறலை பிளேயர் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும், தடத்தோடு வளைந்து போகும் கீறலைச் சரிசெய்வது அதற்குக் கஷ்டம். பிறகு வேறொரு கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். அதிலும் சரிவராவிட்டால் டிடிரெஸ்கியூ என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. பிழையான இடத்தைத் தாண்டி மற்றதை முதலில் எடுத்துவிட்டு, விட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப முயற்சிக்கும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள். அதற்கிடையில் அக்காவிடம் கேளுங்கள், வீடியோ எடுத்தவரிடம் மூலப் பிரதி இருக்கக்கூடும்.

பரந்தன் சந்தி எழுதியது:

எல்லாம் சரி, எங்கள் வீட்டுப் பிளேயர் எந்த டிவிடி போட்டாலும் தட்டு இல்லை என்கிறது. சிடி ஓடுகிறது. இதுவும் பல்லியா?

சோல்டர் மணம் எழுதியது:

உங்களுடையது வேறு தம்பி. லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிடி மட்டும்தான் ஓடுகிறது என்றால் டிவிடிக்கான லேசர் தேய்ந்துவிட்டது. தலைக்குள் இரண்டுக்கும் வெவ்வேறு லேசர். லேசரைத் தின்பது சூடும் பாவனையும்தான். டயலொக் சற்றலைட் ரிவிப் பெட்டிக்கு மேலே பிளேயர், பிளேயருக்கு மேலே பூச்சாடி என்று அடுக்கி வைத்திருப்பீர்கள்.

தலையை மட்டும் மாற்றலாம். தலையின் பக்கத்திலோ அடியிலோ எண் இருக்கும், எஸ்எஃப்-எச்டி62, எச்டி65, கேஎச்எம்-313 மாதிரி. அதே எண்ணைச் சொல்லி வாங்குங்கள், தோற்றத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். புதுத் தலையில் நிலைமின்சாரத்துக்குப் பாதுகாப்பாக ஒரு சின்ன ஈயப் பொட்டு வைத்து இரண்டு முனையை இணைத்திருப்பார்கள். நாடா வயரைக் கொழுவிய பிறகு அந்தப் பொட்டைச் சூட்டுக்கோலால் எடுக்க வேண்டும். எடுக்காமல் போட்டுவிட்டு, புதுத் தலையும் பழுது என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறவர்கள்தான் அதிகம்.

புதுப் பிளேயரைப் பற்றி என் கருத்து: கையில் தூக்கினால் வெறும் பெட்டி மாதிரி பாரமில்லாமல் இருப்பதை வாங்காதீர்கள். ஜெனரேற்றரில் படம் ஓட்டிய காலத்துப் பழைய பாரமான பிளேயர்கள் சில இன்னும் என் மேசைக்கு வருகின்றன. அனேகமாக ட்ரே பெல்ட் தளர்ந்து வரும், அல்லது பவர் சப்ளையில் கொண்டென்சர் தலை வீங்கி வரும். இரண்டும் சின்னச் செலவு. புது மெல்லிய பெட்டிகளில் தலை போனால் அதே தலை கிடைப்பதே பெரும்பாடு. எதை வைத்திருந்தாலும் கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப வரும் அடியில்தான் பவர் சப்ளை போகும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது என் மேசையில் இடமே இருக்கவில்லை.

விசுவமடுக்காரி எழுதியது:

ரீச்சர், அக்காவோடு கதைத்தேன். வீடியோக்காரரிடம் மூலப் பிரதி இல்லையாம், ஆனால் மச்சானின் தாயிடம் அதே டிவிடி இன்னொன்று இருக்கிறதாம். அதைக் கொம்பியூட்டரில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விஓபி கோப்பை ரிவியின் யுஎஸ்பியில் நேரே போட்டால் ஓடுமா?

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

பல ரிவியில் ஓடும். ஓடாவிட்டால் கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள விஓபியை எம்பிஜி என்று மாற்றிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக மட்டும் அனுப்ப வேண்டாம் என்று அங்கே சொல்லுங்கள், படத்தை நசுக்கி அனுப்பிவிடும். கூகுள் ட்ரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பினால் போதும்.