சென்னைக்கு எப்போது ஓர் அணி? காத்திருந்தவர்களின் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து

2014 ஏப்ரலில், புதிதாகத் தொடங்கவிருந்த இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியில் ஆடப்போகும் எட்டு நகரங்களின் பட்டியல் வெளியானது. மும்பை, கொல்கத்தா, டெல்லி, புனே, கோவா, கொச்சி, குவாஹாட்டி, பெங்களூரு. சென்னை இல்லை. அதே மாதத்தில்தான், தொடங்கி ஓராண்டுகூட நிறையாத பெங்களூரு எஃப்.சி. அணி, அப்போது நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் பட்டத்தை வென்றது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஓர் அணி இருக்க, இன்னொன்றும் வரப்போகிறது; நமக்கு ஒன்றுகூட இல்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனது நினைவிருக்கிறது. அன்று முழுவதும் மனம் வேலையில் ஒட்டவில்லை.

அந்த ஜூன், ஜூலை மாதங்களில் பிரேசிலில் உலகக் கோப்பை. எங்கள் தெருவில் ஒரு மாடியில் அர்ஜென்டினா கொடி, எதிர் மாடியில் பிரேசில் கொடி. அரையிறுதியில் ஜெர்மனி ஏழு கோல் அடித்த இரவு, பக்கத்து வீட்டுப் பையன் பிரேசில் சட்டையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். விடியும் நேரத்தில் என்னிடம் கேட்டான்: "நம் ஊருக்கு என்று ஓர் அணி இருந்தால் அதற்காக அழலாம் இல்லையா அண்ணா?" கால்பந்து பார்க்கிற சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் அடிமனதில் கிடந்த கேள்விதான் அது. மான்செஸ்டருக்கும் பார்சிலோனாவுக்கும் இரவெல்லாம் கண்விழித்தோம். அவர்கள் தோற்றால் நமக்கு வலித்தது. ஆனால் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் நிலைமை மாறியது. பெங்களூருவின் இடம் சென்னைக்கு வந்தது. உரிமையாளர் அபிஷேக் பச்சன் என்றார்கள். பிறகு ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது: பிரேசிலின் எலானோ, 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் அடித்த மார்கோ மாத்தராஸி. மாத்தராஸி ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. அக்டோபரில் தோனியும் உரிமையாளர்களில் ஒருவரானார். எனக்கு இந்தப் பெயர்களைவிட, அட்டவணையில் 'சென்னையின் எஃப்.சி.' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்ததுதான் பெரிதாக இருந்தது.

சொந்த மண்ணில் முதல் ஆட்டம் அக்டோபர் 21, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. மறுநாள் தீபாவளி. வீட்டில் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது நான் நேரு ஸ்டேடியத்துக்குக் கிளம்பினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முகத்தில் எல்லாம் தெரிந்தது.

அன்று உள்ளே நான் கண்ட ஒன்றை இங்கே பதிவுசெய்தே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் எங்களுக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் மஞ்சள் சட்டை போட்ட கேரளா ரசிகர்கள் ஒரே தாளத்தில் முழங்கினார்கள். நாங்களோ ஆளுக்கொரு பக்கம் "சென்னை, சென்னை" என்று இழுத்தோம், ஒருவர் குரல் இன்னொருவரோடு சேரவில்லை. பத்து வரிசை கீழே, கழுத்தில் டிரம் மாட்டிய இரண்டு பையன்கள் திரும்பி நின்று எங்கள் பக்கம் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். 'சென்' என்னும்போது ஓர் அடி, 'னை' என்னும்போது இரண்டு அடி. எலானோ பெனால்டியை உள்ளே அனுப்பியபோது அந்தத் தாளம் எல்லோர் கையிலும் வந்திருந்தது. இயான் ஹியூம் சமன் செய்தார், பெர்னார்ட் மெண்டி மறுபடி முன்னிலை வாங்கிக் கொடுத்தார், 2-1. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

உங்கள் காத்திருப்பு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி 2014-ஐப் பற்றி எழுதியிருக்கிறார். என் கணக்கு 1993-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நேரு ஸ்டேடியத்தில் நேரு கோப்பை சர்வதேசக் கால்பந்துப் போட்டி நடந்தது, வட கொரியா வென்றது. புது அரங்கம், புது விளக்குகள். இனி இந்த ஊருக்குக் கால்பந்தில் பொற்காலம் என்று நம்பினேன். வீட்டைக் கட்டி முடித்து, குடிவர ஆளில்லாமல் இருபத்தொரு ஆண்டுகள் பூட்டி வைத்தது போலத்தான் ஆயிற்று.

இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் கால்பந்து இல்லாமல் இல்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி என்று லீக்கில் கடுமையான போட்டி இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தியன் வங்கி தேசிய லீக்கிலேயே ஆடியது. ஆனால் இவை எல்லாம் வேலை கொடுத்த நிறுவனங்களின் அணிகள். ஆட்டக்காரருக்கு அது பெரிய வரம்: விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர உத்தியோகம், ஓய்வூதியம், குடும்பத்துக்கு நிம்மதி. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். பார்வையாளருக்குத்தான் இடமில்லை. மாலையில் மைதானத்துக்கு வருபவர்கள் யார்? அந்தந்த அலுவலக ஊழியர்கள், ஆட்டக்காரர்களின் தெருக்காரர்கள், என்னைப் போல் பந்தைக் கண்டால் நின்றுவிடுகிற சிலர். சுங்கத் துறையில் வேலை பார்க்காதவன் சுங்கத் துறைக்காக எப்படித் தொண்டை கிழியக் கத்துவான்?

இதன் விளைவு என்ன? ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர். நம் தமிழ்நாட்டுக்காரர். அந்தக் கோல்களை அவர் அடித்தது எஃப்.சி. கொச்சினுக்காக. தஞ்சாவூர் குலோத்துங்கன் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் ஆடி, கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது எனக்கு ஆறாத குறை.

2014-ல் என் பேரன் வாங்கிக்கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஓடுதளம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் தொலைவில்தான் தெரிகிறார்கள், என் கண்ணுக்கு எண்கள் தெரியவில்லை. சத்தம் போதுமானதாக இருந்தது.

அண்ணாநகரில் வளர்ந்த மலையாளி

எதிர்ப்பக்கம் மஞ்சள் சட்டையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். பிறந்தது திருச்சூர், பள்ளி, கல்லூரி எல்லாம் சென்னை. இரண்டு ஊரிலும் ஒரே ஆண்டில் அணி வந்தது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. அப்பாவுக்காக மஞ்சள் போட்டேன். டிசம்பரில் இரண்டு ஆட்டங்களாக அரையிறுதி, கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தைக் கேரளா 3-0 என்று வென்றுவிட்டதால் கவலையில்லாமல் சென்னை ஆட்டத்துக்கு வந்தேன். சென்னை மூன்று கோலையும் திருப்பி அடித்தது! கூடுதல் நேரத்தின் கடைசியில் ஸ்டீபன் பியர்சன் கோல் அடித்துக் கேரளாவை இறுதியாட்டத்துக்கு அனுப்பியபோது நான் துள்ளினேன், உடனே என் கல்லூரி நண்பர்கள் இருந்த பக்கம் பார்த்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. தோற்ற அணிக்காக நின்று கைதட்டினார்கள். முதல் ஆண்டு அணிக்கு இப்படி ஒரு கூட்டம் கிடைப்பது அபூர்வம் என்று இன்றும் சொல்வேன்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா

எங்கள் பகுதியை 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். முல்லை நகர் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள், ஏன் என்று தெரியும். என் மகனும் அங்கேதான் ஆடினான். காலணி ஒரு ஜோடி, அதை அவனும் அவன் நண்பனும் பாதி ஆட்டத்துக்கு ஒருவராக மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். நண்பனுக்குக் கால் சிறியது, முன்பக்கம் துணி திணித்துக்கொள்வான்.

எங்களுக்குக் காத்திருப்பு 2014-ல் முடியவில்லை. சென்னைக்கு அணி வந்தது சரி, எங்கள் பிள்ளைகள் அதில் எப்போது ஆடுவார்கள் என்பதுதான் இங்கே வீட்டுக்கு வீடு பேச்சு. அடுத்த ஆண்டு தனபால் கணேஷ் அணிக்கு வந்தார். இந்த மண்ணில் ஆடி வளர்ந்த பிள்ளை. அந்த டிசம்பரில் சென்னை கோவாவை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது 2018 மார்ச் அரையிறுதி, மறுபடியும் கோவாவுக்கு எதிராக, நேரு ஸ்டேடியத்தில். ஜேஜே இரண்டு கோல், கணேஷ் ஒரு கோல், 3-0. கணேஷ் கோல் அடித்ததும் எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான்.

ஓர் ஊரில் தொழில்முறை அணி வரும்போது முதலில் கேட்க வேண்டியது, அங்கே பக்கத்து மைதானத்துப் பிள்ளைக்கு வழி இருக்கிறதா என்பதுதான். நட்சத்திரங்கள் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

எங்கள் கதை வேறு. ஐ-லீக்கில் ஆடிய எங்கள் அணிக்குப் பெயரில் சென்னை சிட்டி, ஆடியது எங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில். ஆரம்பத்தில் 'இது நம் அணியா' என்று தயங்கியவர்கள் பலர். 2019 மார்ச் 9 அந்தத் தயக்கத்தை அழித்துவிட்டது. ஐ-லீக்கின் கடைசி நாள், ஈஸ்ட் பெங்கால் பின்னாலேயே துரத்தி வந்தது, நாங்கள் வென்றே தீர வேண்டும். எதிரணியான மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டது. இடைவேளையில் கேலரியில் யாரும் பேசவில்லை. பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல்கள், 3-1. ஐ-லீக் சாம்பியன்.

அந்த அணி இன்று ஐ-லீக்கில் இல்லை. நாங்கள் மறுபடி காத்திருக்கிறோம், இந்த முறை கோவை என்ற பெயரிலேயே வர வேண்டும் என்று. அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், கைவசம் படங்கள் இருந்தால் அவற்றையும் பகிருங்கள்.