நிலா சைக்கிள் ஓட்டப் போகிறாளாம்

நிலா: எல்லாருக்கும் ஒரு செய்தி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பரீட்சை முடிந்த பிறகுதான்.

பெரியப்பா: பரீட்சையைச் சேர்த்துச் சொன்னாயே, கெட்டிக்காரி.

சித்தப்பா: பணம் கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே. அதற்கு எதற்கு வெயிலில் மிதிக்க வேண்டும்? லாரியும் பஸ்ஸும் போகிற சாலை.

அருண்: அவள் மிதிக்காவிட்டால் நீங்கள் கொடுப்பீர்களா சித்தப்பா?

நிலா: என் கையில் இருப்பது ஒரு நாள் மருந்துக்குக்கூடக் காணாது. ஓட்டுகிறேன் என்றால் நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்று ஒருவர், அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1980இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இப்படித்தான் ஆரம்பித்தார். பான்-மாஸ் சேலஞ்ச் என்று இன்றும் நடக்கிறது. ஓட்டுபவர்கள் திரட்டுவது முழுக்க பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது.

பெரியப்பா: அந்த ஃபார்பர், சிட்னி ஃபார்பர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1948இல் கட்டுரை எழுதியவர். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்கள்தான், ஆனால் அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. மருந்தை உருவாக்கிக் கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

சித்தப்பா: அண்ணா வகுப்பைத் தொடங்கிவிட்டார். சரி நிலா, நிஜமான காரணத்தைச் சொல். கூட்டாளிகள் போகிறார்கள், அதுதானே?

நிலா: இல்லை சித்தப்பா. அத்தையைக் கேட்காமல் இங்கே எழுதலாமா என்றுதான் யோசிக்கிறேன்.

அத்தை: எழுது. நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிலா: அத்தைக்கு ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பள்ளி விடுமுறை. கையைத் தூக்க வராது என்று முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிதான் போடுவார்கள். மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் அந்தப் பட்டனையும் மாட்ட முடியாது. காலையில் என்னைக் கூப்பிடுவார்கள். என்ன நோய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அத்தை விளையாடுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் கல்லூரிக் குழுவோடு சும்மா ஓட்டிப் பார்க்கப் போனேன். ரொம்ப தூரம். இறங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற வரவில்லை. தோழிதான் கழற்றிவிட்டாள். எனக்குக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டேன். அத்தை, உங்களுக்கு எவ்வளவு நாள் இருந்தது?

அத்தை: கீமோ நின்ற பிறகும் மாதக்கணக்கில். டாக்டரிடம் சொன்னதும் மருந்தின் அளவைக் குறைத்தார். பாதத்தில் இப்போதும் கொஞ்சம் உண்டு, குளிர் வந்தால் தெரியும்.

அப்புறம், நீ விளையாட்டென்று நினைத்தது எனக்கு நல்லதாகவே போயிற்று. மற்றவர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாட்டிவிடுவார்கள். நீ ஒரு பட்டனைத் தள்ளி மாட்டிவிட்டு ஓடிவிடுவாய்.

அருண்: இன்றைக்கும் அப்படித்தான் சட்டை போடுகிறாள்.

நிலா: யாருக்காக ஓட்டுகிறோம் என்று முதுகில் ஒரு சீட்டு குத்திக்கொள்வோம் அத்தை. உங்கள் பெயரை எழுதட்டுமா?

அத்தை: தாராளமாக. ‘நினைவாக’ என்று மட்டும் எழுதித் தொலைக்காதே, நான் இருக்கிறேன். அண்ணி பெயரையும் எழுது. கட்டி கையில் தட்டுப்பட்டும் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

பெரியப்பா: எழுதம்மா. முழுப்பெயராக எழுது.

சித்தப்பா: சீட்டு பெரிதாகவே இருக்கட்டும், பின்விளக்கை மறைக்காமல் பார்த்துக்கொள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல், பஞ்சு வைத்த கையுறை வாங்கு, ஒரே பிடியில் கையை வைத்திருக்காதே. விரல் மரத்துப்போவது குறையும். நன்கொடை இணைப்பு எங்கே?

நிலா: இதோ அனுப்புகிறேன் சித்தப்பா.

அருண்: யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் எல்லாருக்கும் தெரியுமாம்.

சித்தப்பா: தெரியட்டுமே. ரசீது வருமா?