ஏசி போட்டால் மட்டும் வரும் சத்தம்: உங்களுக்கு என்ன நடந்தது?

வெள்ளவத்தை வாசி:
மூன்று மாதமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு காலி வீதியால் போகிறேன். பம்பலப்பிட்டி சிக்னலில் நிற்கும்போது முன்பக்கத்தில் 'கிர்ர்ர்'. ஏசியை நிறுத்தினேன், அடங்கியது. போட்டேன், வந்தது. கராஜில் பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்த பாஸ், "கம்ப்ரஸர் முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும்" என்றார். ஏசி காஸை அமுக்கிச் சுற்றவிடும் பம்ப் அது, எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. பஞ்சிகாவத்தையில் ரிகண்டிஷன் ஒன்று வாங்கிப் பூட்டி, காஸ் அடித்து வெளியே வந்தால் அதே சத்தம்.

தெமட்டகொடையில் இன்னொரு பாஸிடம் போனேன். அவர் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினார். "தம்பி, நீங்களே சுத்திப் பாருங்க" என்று ஒவ்வொரு புல்லியிலும் என் கையை வைத்தார். கம்ப்ரஸர் புல்லி சத்தமில்லாமல் சீராகச் சுற்றியது. பக்கத்தில் பெல்ட்டை வழிநடத்த மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியைச் சுற்றியபோது விரலுக்கடியில் மணல் அரைபட்டது போல இருந்தது. ஏசி போட்டதும் பெல்ட்டில் பாரம் கூடுகிறது, தேய்ந்த பெயரிங் அப்போதுதான் கத்துகிறது. யோசித்துப் பார்த்தால், ஏசி இல்லாதபோதும் அந்தச் சத்தம் மெல்லியதாக இருந்தது. முதல் பாஸிடம் நான் அதைச் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை ஹயர்:
தம்பி சொல்வது சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு எல்லாரும் ஐட்லர்தான் என்று ஓடிக்கொண்டிருக்காதீர்கள். நான் அப்படித்தான் ஓடினேன். குளிர் குறைவு என்று ஓர் இடத்தில் அழுத்தம் பார்க்கும் கேஜ் போடாமலே காஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் 'டக் டக்' என்று உள்ளே இடிக்கத் தொடங்கியது. காஸ் கூடிவிட்டால் அது திரவமாகவே கம்ப்ரஸருக்குள் வரலாம். திரவத்தை அமுக்க முடியாது, உள்ளே இருப்பதுதான் உடையும்.

பேஸ்லைன் வீதியில், பொரளைக்குக் கிட்ட, ரப்பர் கருகும் மணம். பொனட் ஓரத்தால் புகை. கம்ப்ரஸர் இறுகிவிட்டது, பெல்ட் அதில் உரசி எரிகிறது. பின் சீட்டில் இருந்த தாய் கைக்குழந்தையைச் சேலையால் மூடிக்கொண்டு அந்த வெயிலில் இறங்கி நின்றாள். காசு வாங்க மறுத்தேன், திணித்துவிட்டுப் போனாள். என் வான் வண்டியில் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான். அறுந்திருந்தால் எஞ்சினும் போயிருக்கும்.

தெஹிவளை ஆசிரியை:
எனது ஹைபிரிட், பெல்ட்டே இல்லை. மின் மோட்டார்தான் கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. நிறுத்திய காரில் 'ங்ஙீ' என்று ஒரு இரைச்சல் வந்தது. காட்டப் போன இடத்தில் பொடியன் ஒருவன் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்கு விடும் சாதாரண பிஏஜி எண்ணெய்ப் போத்தலைத் திறந்தபடி நிற்கிறான், மற்றக் கை செம்மஞ்சள் வயருக்குக் கிட்ட. "தம்பி, கையை எடுங்கோ!" என்று கத்திவிட்டேன். அது உயர் வோல்ட் வயர். அந்த எண்ணெய் போனால் மின்காப்பும் கெட்டுவிடும். எனது காருக்கு மின் கம்ப்ரஸருக்கென்றே உள்ள என்டி-11 போன்ற எண்ணெய்தான் விட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவன் கைதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொலன்னாவை:
எனக்கும் ஒருமுறை கம்ப்ரஸர் போனது, மாற்றினேன், ஆறு வாரத்தில் புதியதும் போனது. அவ்வளவுதான் கதை. ஆனால் வெள்ளவத்தைத் தம்பி எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைச் சுற்றினால் அதன் பெயரிங் மட்டும்தான் தெரியும். ஏசி போடாதபோது புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்காது, புல்லி சும்மா சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். சீராக ஓர் இறுக்கம் இருந்தால் நல்லது. கரகரத்தால், அல்லது அசையவே மறுத்தால், உள்ளே போய்விட்டது.

போட்டதும் ஒரு 'டிக்' கேட்டால் பயப்படாதீர்கள், கிளட்ச் பிடிக்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை 'டிக் டிக்' என்று விட்டு விட்டுப் பிடித்தால் பெரும்பாலும் காஸ் குறைவு. அப்படியே ஓட வேண்டாம், எண்ணெய் காஸோடுதான் சுற்றுகிறது. எஞ்சினை நிறுத்திய பின் 'ஸ்ஸ்ஸ்' என்றால் அழுத்தம் சமப்படுகிறது, விடுங்கள்.

கழற்றிய குழாய் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் கறுத்து மினுங்கினால் உலோகத் தூள். அப்போது கம்ப்ரஸரை மட்டும் மாற்றாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் டிரையர், காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, முன்னால் காஸைக் குளிரவைக்கும் கண்டென்சர் நுண்குழாய் வகை என்றால் அதுவும் புதிது போட வேண்டும், அதற்குள் இருக்கும் தூளைக் கழுவி எடுக்க முடியாது. எனது புதியதைத் தின்றது பழையதன் தூள்தான்.

கொட்டாஞ்சேனை ஹயர்:
தம்பி, கழற்றிய பழைய கம்ப்ரஸரைக் கேட்டு வாங்கினீர்களா? தட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.

வெள்ளவத்தை வாசி:
இல்லை அண்ணா. ஐட்லர் மாற்றிய மறுநாளே அந்தக் கராஜுக்குப் போனேன். விற்றுவிட்டோம் என்றார்கள். என்ன விலைக்கு என்று கேட்டேன், சொல்லவில்லை.