பூ காய்ந்த குஸ்மேனியாவைக் குப்பையில் போட்டுவிட்டேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

திருநகர் தோட்டம் (மதுரை)

நான்கு நாட்களாக மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பிறந்தநாளுக்குக் கணவர் வாங்கி வந்த சிவப்புக் குஸ்மேனியா, தொட்டியில் வளர்க்கும் அழகுப் பூச்செடி. மூன்றரை மாதம் அந்தச் சிவப்பு மங்கவே இல்லை. பிறகு நுனியிலிருந்து பழுப்பேறிச் சோளத்தட்டை போலக் காய்ந்தது. இலைகளும் தொய்ந்தன. இடத்தை மாற்றினேன், உரம் வைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. செத்துவிட்டது என்று முடிவு கட்டி வெள்ளிக்கிழமை காலை குப்பை வண்டிக்குக் கொண்டுபோனேன்.

தொட்டி நன்றாக இருக்கிறதே என்று வண்டிக்காரர் செடியை மட்டும் பிடுங்கி உதறிவிட்டுத் தொட்டியை என்னிடம் நீட்டினார். செடி வண்டிக்குள் சரிந்தபோதுதான் பார்த்தேன். அடியிலைகளின் இடுக்கில், விரல் நீளத்தில் இரண்டு பச்சைக் குருத்துகள். கை நீட்டுவதற்குள் பக்கத்து வீட்டு வாளி அதன்மேல் கவிழ்ந்தது. வண்டியும் நகர்ந்துவிட்டது. அவை கன்றுகள்தானா? யாராவது சொல்லுங்கள்.

சேந்தமங்கலத்தான் (நாமக்கல்)

கன்றுகள்தான் அம்மா, சந்தேகமே வேண்டாம். குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளுமா? இதுவும் அப்படித்தான். ஒருமுறை பூக்கும், பக்கத்தில் கன்று விடும், தாய் மெல்ல அடங்கும். அடங்குவதற்கு ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை கன்றுகளுக்குப் பால் கொடுக்கும் தாய் அது.

என் அனுபவம் சிறியது. பிரித்து வைத்த கன்று இரண்டரை ஆண்டு வெறும் இலையாகவே நின்றது. பழுத்த ஆப்பிள் ஒன்றோடு தொட்டியைப் பாலிதீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டிப் பத்து நாள் நிழலில் விட்டேன். ஒன்பதாவது வாரம் நடுக்குருத்தில் குங்குமப் பொட்டளவு சிவப்பு தெரிந்தது. அன்று வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

இனி வளர்க்கப் போகிறவர்கள் கவனியுங்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் பூக்கத் தூண்டுகிறது. குஸ்மேனியா அன்னாசிக் குடும்பம் அல்லவா? கேரளத்து வாழக்குளத்தில் அன்னாசிக்கு 40 இலை வந்ததும் குருத்தில் எத்திலீனை வெளியிடும் எத்திபான் மருந்துக் கரைசல் ஊற்றுவதும் இதே கணக்குதான். பைக்குள் வைக்கும் முன், இலைகளுக்கு நடுவே உள்ள குழியில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். வளராத செடிக்கு ஆப்பிள் வைக்காதீர்கள், பூ சிறுத்துவிடும். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வந்த பிறகே பிரியுங்கள். செம்மண் வேண்டாம், தேங்காய் நார், மரக்கரி, மரப்பட்டைத் துண்டு போதும். காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழும் செடி இது, வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். தண்ணீரை இலைச் செதில்களே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஆப்பிள் வைக்கும் நாட்கள் தவிர நடுக்குழியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், வற்றவே விடாதீர்கள். வெயில் நேரே படக்கூடாது. உரத்தைக் குழியில் கொட்டவே கூடாது.

ஈசூன் வாசகி (சிங்கப்பூர்)

'எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும்' என்று எழுதியவர் அடுத்த வரியையும் எழுதியிருக்க வேண்டும் ஐயா. நிற்கலாம், ஆனால் பழைய தண்ணீர் நிற்கக்கூடாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் புளோக்கில் டெங்கி பரவிய மாதம். கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நான்கு நியோரெஜீலியா வைத்திருந்தேன், இதே குடும்பத்துச் செடி, நடுவில் ரோஜா நிறம் பரவும் வகை. சோதனைக்கு வந்த பெண் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சொட்டுக்குழாயால் தண்ணீரை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டார். ஏழு புழுக்கள். தலைகீழாகத் தொங்கித் தொங்கி நெளிந்தன. கீழ்மாடிப் பையன் அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தான். என் செடியிலிருந்து பறந்த கொசுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவனை மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது.

இப்போது வாரம் இருமுறை ஒவ்வொரு செடியையும் குப்புறக் கவிழ்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விடுகிறேன். குழி மட்டுமல்ல, ஒவ்வொரு இலையிடுக்கிலும் தண்ணீர் தங்கும். அதையும் மறக்காதீர்கள்.

வில்லிவாக்கத்தான் (சென்னை)

ஈசூன் வாசகி சொல்வதே சரி. மரக்கரி, நார் என்று பட்டியல் போட்டவர் இன்னொன்றையும் விட்டுவிட்டார்: தாமிரம் படவே கூடாது. அதில்தான் இதே குடும்பத்து என் எக்மியா போனது. பிரேசில் நாட்டுச் செடி, சாம்பல் இலையில் வெள்ளிப் பட்டை, ஓரமெல்லாம் முள். ரோஜா நிறக் கூம்பிலிருந்து காலையில் ஒரு நீலப்பூ எட்டிப் பார்க்கும். இரண்டு நாளில் சிவந்துவிடும். அந்த நீலத்துக்காகவே ஐந்தரை மணிக்கு எழுவேன்.

கன்றின் இலையில் புள்ளி கண்டதும், எலுமிச்சைக்குக் கலந்து வைத்திருந்த தாமிர மருந்தான காப்பர் ஆக்சிகுளோரைடை அதற்கும் தெளித்தேன். மூன்றாவது வாரம் நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடி வெளுத்துக் குழைந்து அழுகல் நாற்றம். பிறகுதான் தெரிந்தது, இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குத் தாமிர மருந்து நஞ்சு. கடையில் யாரும் சொல்வதில்லை. செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரையும் நான் ஊற்றுவதில்லை. மழைநீர் பிடித்து வைக்கிறேன்.

சேந்தமங்கலத்தான்

தண்ணீர் மாற்றும் விஷயத்தை நான் விட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் நான் மாடியில் வைத்திருப்பதால் அடிக்கடி மழையே கழுவிவிடுகிறது. வீட்டுக்குள் வைப்பவர்கள் ஈசூன் வாசகி சொன்னபடி செய்யுங்கள். ஆப்பிள் கணக்கில் மட்டும் மாற்றமில்லை.

திருநகர் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு நர்சரிக்குப் போய், பூ முடிந்த குஸ்மேனியா இருக்கிறதா என்று கேட்டேன். பூத்ததைத்தானே எல்லோரும் கேட்பார்கள் என்று நர்சரிக்காரர் ஆச்சரியப்பட்டுப் பின்பக்கம் ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துத் தந்தார். அடியிலைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரு கன்று. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன்: கன்று 6 செ.மீ., தாய் 39 செ.மீ. அப்படியானால் 13 செ.மீ. வரும்வரை கத்தி வைக்கக்கூடாது, சரிதானே?