சோடா சூளை: தீவாய்ப் பக்கம் வழிகிறது, புகைபோக்கிப் பக்கம் வறட்டு மண்

கேள்வி: சவுக்குத்தணல்

வணக்கம். பானை சுடும் சூளை எங்களுடையது; சவுக்கு விறகில் எரிக்கும் டவுன்டிராஃப்ட் (சுவாலை மேலேறி, பானைகளுக்கிடையே கீழிறங்கிப் புகைபோக்கிக்குப் போகும்) வகை, அடுக்கும் இடம் சுமார் 1 கன மீட்டர். ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும்) மண், கோன் 10 வரை போகிறோம் (கோன் என்பது குறித்த சூட்டில் சாயும் அளவுக் கூம்பு). கோன் 9 சாய்ந்ததும் பானை மேல் கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) படிவதற்காக 1.5 கிலோ சோடா ஆஷை (சோடியம் கார்பனேட்) வெந்நீரில் கரைத்து, தீவாய்க்கு (விறகு எரியும் வாய்) மேலே உள்ள ஒரே துளை வழியாக 20 நிமிடத்தில் அடித்து முடிக்கிறோம். முன்வரிசைப் பானைகளில் கிளேஸ் வழிந்து ஷெல்ஃபோடு ஒட்டிவிடுகிறது. பின்வரிசை பிஸ்கட் மாதிரி வறண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் கோன் 10 படுத்திருக்கிறது, ஆகவே சூட்டில் வித்தியாசம் இல்லை. சோடாவைக் கூட்டினால் பின்னால் போய்ச் சேருமா? ஆரஞ்சு வரவேண்டிய ஸ்லிப்பும் (பானை மேல் பூசும் மண்குழம்பு) சாம்பல் நிறமாகவே வருகிறது.

பதில்: மண்சக்கரம்

கூட்டாதீர்கள். முன்னால் இன்னும் வழியும், பின்னால் ஒன்றும் மாறாது.

சோடாவும் உப்பும் சூளைக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உப்பு 1250 டிகிரி வாக்கில் நன்றாக ஆவியாகி, நீராவியோடு சேர்ந்து சூளை முழுக்கப் பரவும். சோடா ஆஷ் 851 டிகிரியிலேயே உருகினாலும் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. துளியாகப் பறந்து, முதலில் எதைத் தொடுகிறதோ அதிலேயே ஒட்டி, மண்ணில் உள்ள சிலிகா, அலுமினாவோடு கூடிக் கண்ணாடியாகிவிடும். ஒரே துளையில் மொத்தத்தையும் அடித்தால் எதிரே இருக்கும் வரிசைதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

1 கன மீட்டருக்கு 1.5 கிலோ தாராளம். புதுச் சூளையாக இருந்தால் செங்கல் முதலில் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது நேரமும் இடமும்.

கோன் 8 சாய்ந்ததும் தொடங்கி, 6 அல்லது 8 பங்காகப் பிரித்து, 10 நிமிடத்துக்கு ஒரு பங்கு அடியுங்கள். பக்கச் சுவர் இரண்டிலும், ஷெல்ஃப் அடுக்குகளின் இடைவெளிக்கு நேராக, பாதி உயரத்தில் ஒரு துளை, பின்சுவரை ஒட்டி இன்னொன்று போடுங்கள். பானை மேலோ பேக் வால் (தீவாய்க்கும் பானைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) மேலோ நேராக அடிக்கக் கூடாது, ஓடுகிற சுவாலைக்குள் பனிபோல விழ வேண்டும். பெரிய துளிகள் செங்கல்லைத் தின்றுவிடும். அடிக்கும்போது ஒருவர் டேம்பரை (புகைபோக்கியின் அடைப்புத் தட்டு) கொஞ்சம் உள்ளே தள்ளி, இழுப்பைக் குறைத்து, 2 நிமிடம் கழித்துத் திறக்க வேண்டும். அந்த 2 நிமிடமும் துளைகளில் சுவாலை வெளியே வரும், பக்கவாட்டில் நில்லுங்கள். இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள்.

1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்டக் கொதிநிலையில். தண்ணீரில்தான் சோடாவைத் தூவ வேண்டும், சோடாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டிதட்டும். துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் அடியுங்கள். ஆறினால் படிகம் கட்டி நாசில் அடைத்துக்கொள்ளும். தெளிப்பானின் குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், அலுமினியத்தை இந்தக் காரக்கரைசல் அரித்துவிடும். கண்ணாடி, கையுறை, மாஸ்க் கட்டாயம்.

இன்னொரு விஷயம்: சோடா அடித்த பிறகு கோனை நம்பாதீர்கள். சோடியம் கோனையும் உருக்கும். இரு பக்கச் சூட்டையும் அடிப்பதற்கு முன்பே ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: நெருப்புவரி

அடுக்குவதையும் பாருங்கள். உயரமான ஜாடிகளை முன்வரிசையில் நெருக்கி வைத்தால் அதுவே சுவர், சோடா அதைத் தாண்டாது. முன்னால் தளர்வாக, பின்னால் நெருக்கமாக அடுக்குங்கள். பின்வரிசைப் பானைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சோடா வைப்பவர்களும் உண்டு. அது சுற்றியுள்ள நாலைந்து பானைக்கு மட்டுமே உதவும்.

ஆஸ்திரேலிய மட்பாண்டக் கலைஞர் கேயில் நிக்கல்ஸ் வழி வேறு. சோடா ஆஷ், ஆப்பசோடா, சுண்ணக்கல் பொடி மூன்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இறுகிய கட்டியை உடைத்துத் தீவாய்க்குள் போடுவது. விறகுச் சூளைக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து, தெளிப்பான் தொல்லையே இல்லை.

ஷெல்ஃபோடு ஒட்டுவதற்கு: அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் (வெள்ளைக் களிமண்) எடைக்குச் சமமாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒவ்வொரு பானைக்கும் கீழே மூன்று. மூடிக்கும் உண்டு. ஷெல்ஃப் பூச்சும் இதே கலவைதான். இரண்டிலும் மணல் கூடாது, சிலிகா சோடாவோடு சேர்ந்தால் கண்ணாடிதான். பானை உட்புறத்துக்குத் தனியாகக் கிளேஸ் ஊற்றுங்கள், ஆவி வாய்க்குள் சரியாக இறங்காது.

சவுக்குத்தணல்:

நன்றி. ஸ்லிப் சாம்பலாவது ஏன்? போதுமான அளவு சோடா படிந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மண்சக்கரம்

ஆரஞ்சு வேண்டுமென்றால் மூன்று வேண்டும்: அலுமினா மிகுந்த ஸ்லிப், மெல்லிய சோடா, ஆறும்போது ஆக்சிஜன். கயோலின் 80, நெஃபலின் சையெனைட் (ஒரு பாறைப் பொடி) 20 என்று தொடங்குங்கள். துளி இரும்பு கலந்த கயோலின் பரவாயில்லை, வெள்ளைவெளேர் கயோலினில் நிறம் வெளிறிவிடும். சோடா தடித்தால் அதே ஸ்லிப் சாம்பல் பளபளப்பாகிவிடும்; உங்கள் முன்வரிசையில் நடப்பது அதுதான்.

விறகுச் சூளையில் இன்னொரு காரணமும் உண்டு. எரிப்பு முடிந்த பிறகும் சவுக்குக் கரி தணலாகக் கிடந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்படியே மூடினால் நிறம் செத்துப்போகும். கடைசி விறகுக்குப் பிறகு தணலைக் கிளறி எரியவிட்டு, டேம்பரையும் துளைகளையும் திறந்து 1050 டிகிரிக்கு வேகமாக இறக்கி, பிறகு அடையுங்கள்.

அளவு தெரிய, அதே மண்ணில் விரல் தடிமனில் வளையங்கள் செய்து, முன்னால் நாலு, பின்னால் நாலு, துளைக்கு எதிரே வையுங்கள். ஒவ்வொரு இரண்டு பங்குக்கும் பிறகு இரும்புக் கம்பியால் பக்கத்துக்கு ஒன்றை வெளியே எடுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், திடீரென்று ஆறியதால் அது எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். ஆறியதும் நகத்தால் வருடிப் பாருங்கள்: சொரசொரப்பு போய் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி தட்டினால் அந்தப் பக்கம் போதும், மீதிப் பங்கை மறுபக்கத் துளையில் அடியுங்கள்.

பதில்: நெருப்புவரி

புதுச்சேரிப் பக்கம் இருந்தால் ஒருமுறை நேரில் பாருங்கள். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் அந்த வட்டாரத்தில் பலர். விறகு எரிக்கும் இடத்தில் ராத்திரி முறைக்கு எப்போதும் கை தேவைப்படும். கேட்டுவிட்டு, பருத்தி உடை, மூடிய செருப்போடு போங்கள். சோடா அடிக்கும் நேரத்தில் டேம்பர் பக்கம் நிற்கக் கேளுங்கள், இழுப்பு மாறும்போது சுவாலை எப்படி நகர்கிறது என்று அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.