ஓஷாவா ஜெனரல்ஸ்னா மிலிட்டரி டீமா?

எண்ணூர்க்காரன்:
அத்தை பையன் கனடாலேர்ந்து ஒரு ஜெர்சி அனுப்பிகிறான், ஐஸ் ஹாக்கியாம், ஜூனியர் டீமாம். திருவொத்தியூர் வெயில்ல முழுக்கை வச்சத போட்டுகினு எங்க போறது! அது இருக்கட்டும், அந்த டீம் கதை இன்னா?

பழைய ஆட்டக்காரன்:
மிலிட்டரி இல்ல தல, ஜெனரல் மோட்டார்ஸ் பேரு அது. ஓஷாவாவே கார் கம்பெனி ஊரு, நம்ம எண்ணூருக்கு லேலண்ட் மாதிரி. 1937ல ஆரம்பிச்சு 1939, 1940, 1944னு மெமோரியல் கப் தூக்கினாங்க, கனடா ஜூனியர்ல அதுதான் பெரிய கப்பு. 1953ல ஸ்டேடியம் எரிஞ்சி போச்சு, டீமும் க்ளோஸ். 1962ல திரும்ப வந்தப்ப 14 வயசுப் பையன் ஒருத்தன் சேந்தான், பேரு பாபி ஓர், பின்னாடி ஹாக்கில பெரிய ஸ்டார் ஆனவரு. வீட்ட வுட்டு அனுப்பமாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க, அதனால மொத சீசன் ப்ராக்டீஸே இல்லாம மேட்சுக்கு மட்டும் வந்து, இருவது வயசு பசங்களோட ஆடிகிறான். கெத்து இல்ல?

புளியந்தோப்பு தம்பி:
இன்னொரு ஸ்டார் ப்ளேயர் எரிக் லிண்ட்ரோஸ வுட்டுட்டியே ண்ணா! வேற டீம் 1989ல எடுத்தும் அங்க போவமாட்டேன்னு அடம்புடிச்சி ஓஷாவாக்கு வந்தாரு, 1990ல கப்பு. ஃபைனல் ரெண்டாவது ஓவர்டைம் வரைக்கும் போச்சு, 4-3.

பழைய ஆட்டக்காரன்:
ஆமா. அப்பறம் 2015லயும் ஜெயிச்சாங்க, 2-1, அதுவும் ஓவர்டைம், ரெண்டு கோலும் சிரெல்லின்ற ப்ளேயர் போட்டது. ஜெர்சி முதுகுல இன்னா நம்பர்? 2ன்னா பாபி ஓரோடது, 88னா லிண்ட்ரோஸோடது, அந்த ரெண்டு நம்பரையும் டீம்ல வேற எவனுக்கும் தரமாட்டாங்க.

எண்ணூர்க்காரன்:
88 தான்! தம்பிக்கு குடுக்கலாம்னு இருந்தேன், இப்ப தரமாட்டேன்.